விரல்நுனிக் காய்ப்பு

— இடுப்பு கழண்டு விழுந்துடும் போலிருக்குங்க. காலையில இருந்து நின்னுக்கிட்டே பெட்ஷீட் மடிச்சேன், பஸ்லயும் நின்னேன், இப்ப இந்த ஓட்டை பெஞ்சு. இரும்புல இப்படி ஓட்டை போட்டவன் ஒரு தடவையாவது இதுல உக்காந்து பாத்திருப்பானா?

— என் தோள்ல சாஞ்சுக்க.

— நல்லா இருக்கு கதை. ஜனங்க பாக்குறாங்க. முதுகு வலிக்காரர் நீங்க, தோள் குடுக்கிறதும் நீங்களா?

— முதுகு ஒண்ணும் பண்ணாது. பேசாம சாஞ்சுக்க.

— ஒண்ணும் பண்ணாதா? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கோம்? மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வில்லா வளைஞ்சு போச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்க காட்டுங்கன்னு என் தொண்டைதான் வத்திப்போச்சு. நேத்து நீங்களா வந்து கூட வான்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. பீரோ மேல கிடந்த பழைய எக்ஸ்ரேயைத் தூசி தட்டி எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க.

— அத உள்ள வை. டீ ஆறிடும், குடி. இல்ல, இரு. கிளாசை நான் பிடிச்சுக்கிறேன், நீ வாயை மட்டும் வெச்சுக் குடி.

— என்னது?

— சூடா இருக்கும்.

— எனக்கென்ன கை இல்லையா? குடுங்க இப்படி. ஏங்க, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்ச நாளா உங்க நடவடிக்கையே சரியில்ல.

— எனக்கு என்ன?

— குடோன்ல இருந்து வந்ததும் பாத்திரம் கழுவறீங்க. இத்தனை வருஷத்துல தட்டுலயே கை கழுவிட்டு எழுந்து போற ஆளு. வெங்காயம் நறுக்க கத்தியைத் தேடினா கத்தி பரண்மேல. அடுப்புல இருந்து குக்கரை இறக்கப் போனா ஓடி வந்து பிடுங்கறீங்க. உண்மையைச் சொல்லுங்க. வேலை போயிடுச்சா?

— இல்ல.

— வேற எவளாவது?

— இந்த மூஞ்சிக்கா? புரிஞ்சுதான் பேசறியா?

— மூஞ்சியை விடுங்க, பாத்திரம் நல்லா கழுவறீங்க. அதுக்கே எவளாவது வருவா.

— சிரிக்காதே. எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்ல.

— கை மரத்துப்போற கேஸ் யாரு? லாண்டரியில வேலை செய்யறவங்க? அடுத்து நீங்கதான். பாத்ரூம், கடைன்னு எங்கயும் போயிடாதீங்க.

— நர்ஸம்மா, அது நாங்க இல்லம்மா. எங்களுது முதுகு.

— டோக்கன்ல கைன்னுதான் இருக்கு. பேஷண்ட் பொம்பளை. இதோ பக்கத்துல உக்காந்திருக்காரே, இவர்தான் காலையில வரிசையில நின்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. வீட்டுப் பேச்சை இங்கயே முடிச்சுட்டு உள்ள வாங்க, சரியா?

— ஏங்க.

— ம்.

— யாருக்குக் கை மரத்துப்போச்சு?

— கத்தாதே.

— நான் கத்தவே இல்ல. யாருக்கு?

— உனக்கு.

— எனக்கா? எனக்கே தெரியாம என் கை மரத்துப்போச்சா?

— இந்த வியாதி அப்படித்தான். வந்தவங்களுக்குக் கடைசியிலதான் தெரியும். எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுதா? கொதிக்கிற டீயை வெறும் கையில பிடிச்சுக்கிட்டுக் கதை பேசிட்டு இருந்தான். எல்லாரும் சிரிச்சோம், 'இவன் கை எருமைத் தோலுடா'ன்னு. அப்புறம் சட்டைப் பொத்தான் போட வரல. அப்புறம் ஸ்பூன் பிடிக்க வரல. அப்புறம் நான்தான் குளிப்பாட்டி விட்டேன், நான்தான் ஊட்டி விட்டேன். நீயும் பாத்தவதானே?

— பாத்தேன். அதுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்?

— அன்னைக்குப் பால் பாத்திரத்தைத் துணி இல்லாம இறக்கின. இடது கையில. முகத்துல ஒரு சுளிப்புகூட இல்ல. சரி, நம்ம கண்ணுதான் தப்புன்னு விட்டேன். அப்புறம் ராத்திரி உன் கை வெட்டி வெட்டி இழுக்குது. என் கைமேல உன் விரல் நாலும் தனித்தனியா துடிக்குது, பல்லி வாலு மாதிரி. சாப்பிடும்போதும் தொடைமேல துடிக்குது, நீ என்னமோ டிவி பாத்துக்கிட்டு இருக்க. அடுப்பு முன்னாடி நின்னு உனக்கு நீயே ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணற. சரி, மூளைக்கும் ஏறிடுச்சுன்னு நெனச்சேன்.

— மூளைக்கா?

— கன்னத்துல கோடு. கொடிக்கம்பி கிழிச்சுதுன்னு சொன்ன. நம்ம வீட்டுல கட்டியிருக்கிறது நைலான் கயிறு.

— அத வேற பாத்துட்டீங்களா.

— அதான் ஊசி எடுத்தேன்.

— எந்த ஊசி?

— பொத்தான் தைக்கிற ஊசி. நீ தூங்கினப்புறம் குத்திப் பாத்தேன்.

— யாரை?

— உன்னத்தான். விரல் நுனியில. முதல்ல லேசா. நீ அசையல. அப்புறம் கொஞ்சம் அழுத்தி. அப்பவும் அசையல. நாலு விரல்லயும் பாத்துட்டேன். குறட்டை விட்டுக்கிட்டு இருந்த.

— அடப்பாவி மனுஷா! கட்டின பொண்டாட்டியைத் தூக்கத்துல ஊசியால குத்தின ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க.

— சொன்னா பயந்துடுவ. அதான் முதுகுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். என்ன வந்தாலும் நான் இருக்கேன், புரியுதா? அண்ணனையே பாத்தவன், உன்னப் பாத்துக்க மாட்டேனா? அதுக்குத்தான் இப்பவே பாத்திரம் கழுவிப் பழகறேன். குக்கர் எத்தனை விசில்னுதான் இன்னும் சரியா பிடிபடல. என்ன, அழறியா?

— இல்ல.

— தோள் குலுங்குது.

— சிரிப்பு வருதுங்க. என்னால அடக்க முடியல.

— இதுவும் ஒரு அறிகுறிதான்னு நெனக்கிறேன். டாக்டர்கிட்ட சொல்லணும்.

— ஐயோ, வேணாம். இருங்க. குத்தினது எந்தக் கை?

— இடது.

— வலது கையைக் குத்தினீங்களா?

— அது உன் தலைக்கு அடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. தூக்கினா முழிச்சுப்ப.

— இப்ப ஊசி இருக்கா?

— சட்டைக் காலர்ல.

— கூடவே சுமந்துக்கிட்டுத் திரியறீங்களா? சரி, எடுங்க. வலது கையில குத்துங்க.

— இங்கயா?

— குத்துங்கன்னா குத்துங்க. ஆவ்! மெதுவா!

— வலிச்சுதா?

— வலிக்காம? ரத்தமே வந்துடுச்சு.

— அப்ப ஒரு பக்கம்தான் போயிருக்கு. அண்ணனுக்கும் ஒரு பக்கம்தான் முதல்ல.

— உங்க அண்ணனை விடுங்க. நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது, முக்கியமா கேலி பண்ணக் கூடாது.

— சொல்லு.

— அப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்டா எப்படிச் சொல்றது? வேற பக்கம் பாருங்க. அந்த மாவுக்கட்டுக்காரரைப் பாருங்க.

— பாத்துட்டேன். சொல்லு.

— நான் கிட்டார் கத்துக்கிறேன்.

— என்ன?

— கிட்டாருங்க. நம்ம பொண்ணு அடம் பிடிச்சு வாங்கிட்டு, ரெண்டு வாரம் டொய்ங் டொய்ங்னு தட்டிட்டுப் பரண்ல போட்டாளே, அது.

— அத பழைய சாமான்காரன்கிட்ட போடச் சொல்லிட்டுத்தானே போனேன்? பொண்ணு கல்யாணம் ஆன மாசமே சொன்னேனே.

— போடத்தான் இறக்கினேன். வாசல்ல அவன் வண்டியோட நிக்கிறான், நான் தூசி துடைக்கிறேன், துணி கம்பியில பட்டுச்சு. ஒரு சத்தம் வந்துச்சுங்க. வீடு முழுக்க நின்னுச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். அவன் கீழ இருந்து என்னம்மா போடறீங்களா இல்லையான்னு கத்தறான். உங்க பழைய சைக்கிளைக் குடுத்து அனுப்பிட்டேன்.

— என் சைக்கிள் திருட்டுப்போச்சுன்னு சொன்னியே!

— போச்சுன்னுதான் சொன்னேன். திருட்டுன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க.

— இரு, இரு. நீ கதை கட்டற. டாக்டரைப் பாக்கப் பயம். அதான் என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போகப் பாக்குற.

— கைய நீட்டுங்க. உங்க கைதான். ராத்திரி துடிச்சுதுன்னு சொன்னீங்களே, இப்படியா?

— ஆமா.

— இப்ப இப்படியா?

— ஆமா. அதே மாதிரி.

— முதல்ல வந்தது கம்பியில விரல் வெக்கிற ஒரு பிடி, ரெண்டாவது இன்னொரு பிடி. இதுல இருந்து அதுக்கு மாறணும். விரல் நாலும் ஒரே நேரத்துல தாவணும். முழிச்சிருக்கும்போது வர மாட்டேங்குது, தூக்கத்துல வருது போலிருக்கு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு தாளத்துக்கு. அது எண்ணிக்கை, பைத்தியம் இல்ல.

— கன்னத்துல கோடு?

— கம்பி அறுந்துச்சு. ரொம்ப முறுக்கிட்டேன். நல்ல வேளை, கண்ணு தப்பிச்சுது.

— விரல்?

— எஃகுக் கம்பிங்க அது. முதல் மாசம் பூரா வெங்காயம் நறுக்கினா உயிர் போகும். நுனியெல்லாம் கோடு கோடா வெட்டி, உரிஞ்சு, நீர் கோத்து. விட்டுடலாம்னுகூட நெனச்சேன். அப்புறம் ஒருநாள் வலிக்கல. தொட்டுப் பாத்தா கல்லு மாதிரி காய்ச்சுப்போய் இருக்கு. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? அந்தச் சந்தோஷத்துலதான் பால் பாத்திரத்தை வெறும் கையில இறக்கினேன். நீங்க பாப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?

— நகம் ஒரு கையில ஒட்ட வெட்டி, ஒரு கையில நீளமா விட்டிருந்தியே, அதுவும் இதுக்குத்தானா?

— அதையும் எழுதி வெச்சிருந்தீங்களா?

— மனசுல.

— உங்க பனியன் காணாமப்போச்சே, அது எங்கன்னு கேக்க மாட்டீங்களா?

— கிட்டாருக்குப் பனியன் எதுக்கு?

— நடுவுல வட்டமா ஓட்டை இருக்கில்ல, அதுக்குள்ள திணிச்சேன். சத்தம் வெளியில போகாம இருக்க. முதல்ல குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்துதான் வாசிச்சேன். அங்க இன்னும் ஜாஸ்தி கேக்குது. கீழ் வீட்டு டைலர் மேல வந்து, எலி ஏதாவது பொறியில மாட்டிக்கிச்சாம்மான்னு கேட்டுட்டுப் போனாரு.

— நீ என்ன சொன்ன?

— பெரிய எலின்னு சொன்னேன்.

— யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?

— போன்ல ஒரு பையன் வர்றான். மணி அடிச்ச மாதிரி கடகடன்னு பேசறான். வேகத்தைக் குறைச்சு வெச்சா குடிகாரன் மாதிரி இழுக்கிறான். குடிகாரன்கிட்டதான் கத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணுங்க, அவன் முதல் வீடியோவுலயே கம்பியைச் சுருதி சேக்கச் சொல்லியிருக்கான். நான் அது ஏதோ விளம்பரம்னு தள்ளி விட்டுட்டேன். மாசக்கணக்கா அவன் வைக்கிற இடத்துலயே விரலை வெக்கிறேன், அவனுக்குப் பாட்டு வருது, எனக்குத் தகரம் உருளுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாமே, நாமளும் அப்படிச் சொல்லிடக் கூடாதுன்னு என் கையையே திட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில பாத்தா கூடமே கோணல்தான்! கிட்டார் தலையில இருக்கிற காதைத் திருகிச் சுருதி சேத்தப்புறம் தட்டினேன் பாருங்க, பக்கெட்டுல உக்காந்து அழுதுட்டேன்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு கேட்டிருப்பீங்க.

— கேட்டிருப்பேன்.

— வளையுது. வலிக்குது, ஆனா வளையுது. லாண்டரியில பெட்ஷீட் வருது, மடிக்கிறேன், மறுபடி அழுக்காகி வருது. வீட்டுல சோறு ஆக்கறேன், தீந்துபோகுது. இது ஒண்ணுதாங்க நேத்தைக்கு விட இன்னைக்குக் கொஞ்சம் கூடுது. அத யாராவது கேலி பண்ணிட்டா அன்னைக்கே விட்டுடுவேன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல. இப்பவாவது எழுந்திருங்க, போலாம்.

— இல்ல. டாக்டர் வாயால கேக்கணும்.

— இன்னும் நம்பலையா?

— நம்பணும்னுதான் ஆசை. அதான் பயமா இருக்கு. ஆசைப்பட்டு நம்பிட்டு அப்புறம் ஏமாந்தா? அண்ணன் விஷயத்துலயும் அப்படித்தான் நம்பினோம். கிட்டார் கதையை நீ டாக்டர்கிட்ட சொல்லக் கூடாது. அவங்களா என்ன சொல்றாங்கன்னு பாப்போம். புரியுதா?

— சரி, வாய திறக்கல. நர்ஸம்மா கூப்பிடறாங்க பாருங்க, வாங்க.

— வாங்கம்மா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஐயா, நீங்க அந்த நாற்காலியில. சொல்லுங்க, என்ன பண்ணுது?

— அவளுக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல டாக்டர். குத்தினா தெரியல, சுட்டா தெரியல. ராத்திரி இழுப்பு வருது. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான்...

— பேஷண்டைப் பேச விடலாம், சரிங்களா? அம்மா, கண்ணை மூடிக்கோங்க. நான் தொட்டா 'ம்' சொல்லுங்க. இது?

— ம்.

— இது?

— ம்.

— இப்ப?

— ம். கூசுது டாக்டர்.

— என் விரலை இறுக்கிப் பிடிங்க. இன்னும். அம்மாடி, போதும், போதும், விடுங்க! கண்ணைத் திறக்கலாம். இடது கையைத் திருப்புங்க. ஓ. சரி, சரி.

— என்ன டாக்டர்? பயப்படற மாதிரியா?

— அம்மா, என்ன வாசிக்கிறீங்க? வயலினா, கிட்டாரா?

— டாக்டர்!

— ஏன் ஐயா எழுந்து நிக்கிறீங்க?

— பாத்தீங்களா? நான் சொன்னேனா டாக்டர்கிட்ட? ஒரு வார்த்தை சொன்னேனா? கிட்டாருங்க டாக்டர். பழகிக்கிட்டு இருக்கேன்.

— எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருக்காரு. வருஷக்கணக்கா ஒரே பாட்டு. நானே காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு இருக்கேன். ஐயா, இது வியாதி இல்ல, காய்ப்பு. நுனியில மட்டும் தோல் தடிச்சிருக்கு. பக்கவாட்டுல, பின்னாடி எல்லாம் உணர்ச்சி நல்லா இருக்கு. பலமும் இருக்கு, என் விரலே நசுங்கிடுச்சு. மருந்து கிடையாது, வாசிக்கிறதை நிறுத்தினா தானா போயிடும்.

— நிறுத்த வேணாம் டாக்டர்! வாசிக்கட்டும். நல்லா வாசிக்கட்டும்.

— சரி, சரி. அதுக்கு ஏன் அழறீங்க? நல்ல சேதிதானே சொன்னேன்?

— அழல டாக்டர். மூக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அதுக்கு மூக்கு ஒழுகக் கூடாதா?

— டாக்டர், வந்தது வந்தோம், இவர் முதுகை ஒரு பார்வை பாத்துடுங்க. எக்ஸ்ரேகூட இருக்கு.

— அதுக்குத் தனியா டோக்கன் போடணும்மா. வர்ற வாரம் கூட்டிட்டு வாங்க. ஐயா, ஒண்ணு கேக்கணும். என்ன ஊசியில குத்தினீங்க? துருப்பிடிச்சது இல்லையே?

— இல்ல டாக்டர். கூரா இருக்கான்னு என் விரல்லயே முதல்ல குத்திப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. மழுங்கல்னு வேற ஊசி எடுத்தேன், அதுவும் தெரியல. சரி, வீட்டுல இருக்கிற ஊசியெல்லாம் மழுங்கல்தான்னு, அவளுக்குக் கொஞ்சம் அழுத்திக் குத்தினேன்.

— உங்க விரல்ல தெரியல?

— தெரியல.

— அதுக்கு நீங்க பயப்படல?

— என் கைக்கு என்ன டாக்டர்? மூட்டைக்காரன் கை.

— இப்படிக் குடுங்க. கண்ணை மூடுங்க. இது தெரியுதா?

— இல்ல.

— ஐயோ டாக்டர்.

— இருங்கம்மா. இது? இங்க, பின்பக்கம்?

— தெரியுது. குளிருது.

— ரெண்டு விரலுக்கு நடுவுல?

— தெரியுது.

— சரி. இதுவும் காய்ப்புதான். உங்க மனைவியுடையது பட்டாணி, உங்களுடையது செருப்புத் தோல். பயம் இல்ல. மூட்டை தூக்கறவர், படி ஏறினா மூச்சு வாங்குமா?

— அதெல்லாம் இல்ல டாக்டர்.

— இல்ல டாக்டர், நாங்க மூணாவது மாடி. இவர் மூட்டை தூக்கிட்டு வந்தும் விசில் அடிச்சுக்கிட்டேதான் ஏறுவாரு. அந்த விஷயத்துல கொடுத்து வெச்சவரு.

— அப்ப நல்லது. முதுகுக்கு வாங்க. அம்மா, வாசிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தோளைச் சுத்தி விடுங்க. ஊசியைப் பெட்டியில போட்டுப் பூட்டுங்க, சரிங்களா?

— மெதுவா நடங்க, பஸ் ஸ்டாப் இதோ இருக்கு. இந்த பஸ் போனா அடுத்த பஸ். ஓடாதீங்க.

— ஓடல. கால் தானா போகுது. நெஞ்சுமேல யாரோ அடுக்கி வெச்சிருந்த மூட்டையை எல்லாம் இறக்கின மாதிரி இருக்கு. பசிக்குது. எத்தனை நாளா எனக்குப் பசியே இல்ல தெரியுமா?

— தெரியும். தட்டுல மிச்சம் வெச்சீங்க. நானும் பயந்துபோய்த்தான் இருந்தேன், உங்களுக்கு என்னமோன்னு. வாயத் திறந்து கேக்கத்தான் தைரியம் வரல. ஒரு வீட்டுல ரெண்டு ஊமைங்க.

— நாளையில இருந்து பாத்திரம் யாரு கழுவறது?

— வாய்விட்டுச் சொல்லிட்டீங்க, பழகறேன்னு. பழகினதை விடக் கூடாது. நானே விடல.

— சரி. இங்க உக்காரு, நிழல் இருக்கு. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் எனக்கு வாசிச்சுக் காட்டணும்.

— ஐயையோ.

— பனியனை எடுத்துட்டு வாசி. கேலி பண்ண மாட்டேன். எந்தப் பாட்டு வாசிப்ப?

— பாட்டுன்னு ஒண்ணும் இல்லங்க. வீடியோக்காரன் பாட்டெல்லாம் ஓட்டம், என்னால பிடிக்க முடியல. எனக்கு நல்லாத் தெரிஞ்ச மெட்டா ஒண்ணு வேணும்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்.

— எது?

— சிரிக்கக் கூடாது. நீங்க படியேறும்போது அடிப்பீங்களே, அந்த விசில். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கறேன். கீழ கேட் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பேன். ரெண்டு வரி வரும், அப்புறம் நிக்கும். மறுபடி ஒரு வரி, மறுபடி நிக்கும். அத ஒரே கம்பியில தேடித் தேடிப் பிடிச்சேன். கொஞ்ச நாளா நீங்க விசிலே அடிக்கிறதில்லையா, கடைசி அடி என்னன்னு தெரியாம பாதியில நிக்குது.

— பயத்துல அடிக்கத் தோணல.

— அதான் இப்ப தெரிஞ்சுபோச்சே. மெட்டைவிட எனக்கு அந்த நிறுத்தம்தான் ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு நேரம் நிக்குமோ அவ்வளவு நேரம் நானும் கையை எடுத்துட்டுக் காத்திருப்பேன். எங்கெங்க நிக்கணும்னு தாளத்துலயே எண்ணி வெச்சிருக்கேன். யாரு மெட்டுங்க அது?

— அது மெட்டு இல்ல.

— பின்ன?

— வேணாம், விடு. பஸ் வருதா பாரு.

— வரல. சொல்லுங்க.

— நாள் பூரா மூட்டை தூக்கிட்டு, சாமான் பையோட மூணு மாடி ஏறினா மூச்சு வாங்கும். யாருக்கா இருந்தாலும் வாங்கும். நீ மேல கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறது தெரியும். இரைக்கிற சத்தம் கேட்டா நீ பயப்படுவ. அதான் ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு, மூச்சை ஆத்திக்கிட்டு, ஜாலியா வர்ற மாதிரி வாயில வந்தத ரெண்டு வரி விசில் அடிச்சுட்டு அடுத்த படி ஏறுவேன்.

— அப்ப அந்த நிறுத்தம்?

— அது நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடம்.

— எழுந்திருங்க.

— ஏய், எங்க எழுந்துட்ட? பஸ் வருது.

— வரட்டும், போகட்டும். திரும்பி நடங்க. மூச்சு வாங்காதுன்னு டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா பொய் சொல்லிட்டு வந்திருக்கோம், அத மாத்திச் சொல்லிட்டு வருவோம்.

— பைத்தியமா? அது களைப்பு, வியாதி இல்ல. இன்னைக்கு நேத்தா?

— இன்னைக்கு நேத்து இல்லைன்னுதான் நானும் சொல்றேன். அத்தனை வருஷமும் கதவுல சாஞ்சு நின்னு ரசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், படி இறங்கி வந்து அந்தப் பையை உங்க கையில இருந்து வாங்கத் தோணல எனக்கு. அந்தக் கடன் என் தலைமேல இருக்கு, இன்னும் ஒரு படிகூட அடையல.